யாரும் கேட்காத கணினிக்கூடம்

பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்டபங்களையும் கணினிக்கூடங்களையும் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. மேலிடத்தில் யாராவது திடீரென்று கூடம் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாதல்லவா? அதற்காகவே ஒரு கணினிக்கூடத்தை எந்நாளும் 'திருத்தவேலை' என்று பொய்யாகப் பதிந்து பூட்டி வைத்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேரை முதல் பஸ்ஸில் அழைத்து வந்திருந்தாள். தொழிற்பயிற்சி விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப அன்று மாலை நான்கு மணிதான் கடைசி.

"சேர், திருத்தவேலைன்னு போட்டிருக்கு. கண்ணாடியில பாத்தேன், உள்ள யாரும் இல்லைங்க."

"போட்டிருந்தா போட்டதுதான்."

"சேரும் பூனாகலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவருன்னு சொன்னாங்க. அதான் தைரியமா கூட்டிக்கிட்டு வந்தேன்."

"ஊரச் சொல்லி ரூம் கேக்காதீங்க தங்கச்சி."

அவள் வாதாடவில்லை. அவளும் பிள்ளைகளும் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே கைப்பேசியில் ஒவ்வொருவருடைய விண்ணப்பமாக நிரப்பினார்கள். மழை வந்ததும் சுவரோரம் நகர்ந்தார்கள். எல்லாம் என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அந்தக் கூடத்தை அன்று மேலிடத்தில் யாருமே கேட்கவில்லை. மூன்றரைக்குச் சாவியை எடுத்தேன். இப்போது திறந்தால் காலையில் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். நான்கு மணி தாண்டித்தான் சாவியோடு கீழே போனேன்.

"இனி வேணாங்க சேர். நாலு பேருது போகல," என்றாள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "வர்றோங்க" என்றுவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பொய்ப் பதிவை அன்றே அழித்தேன். அழுகை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. மரத்துப்போன விரலைப்போல ஏதோ உள்ளே கிடக்கிறது.