போகி மாலையில் சாத்திய கதவு

எங்கள் வீட்டில் படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இலையில் சோறும் குழம்பும் வைத்து, பக்கத்தில் புதுத்துணி வைத்து, கற்பூரம் காட்டியதும் யாரும் உள்ளே நிற்கக் கூடாது. செத்துப்போனவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்பார்கள். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, திரும்பப் போகும்போது கதவைத் தட்டி, ஒரு தடவை இருமிவிட்டுத்தான் திறப்போம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து போக நேரம் வேண்டும் அல்லவா. சின்ன வயதிலிருந்து பழகிய இந்த வழக்கம் எனக்கு ஒருநாளும் பயம் தந்ததில்லை. நாலு பேர் பார்த்தால் எனக்கே சோறு இறங்காது. செத்தவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி போன ஆடியில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெங்களூர் நீலசந்திராவில் ஒரே கேட்டுக்குள் இருக்கிற ஆறு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு ஹால், ஒரு சமையலறை. அவள் போன பிறகு அந்த இரண்டு அறையும் எனக்கு ரொம்பப் பெரியதாகிவிட்டன.

அதே சமயத்தில் பீன்யாவில் நான் வேலை பார்த்த கம்பெனி ஊரை விட்டு வெளியே இடம் மாறியது. வயதானவர்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். என்னோடு வெளியே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் லேத் ஓட்டியவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், வாய் சும்மா இருக்காது. இன்னொருவன் ஸ்டோர்ஸில் இருந்தவன், பிள்ளைகளைக் கரையேற்றியவன், நிதானமானவன். மூன்று பேரும் இத்தனை வருஷம் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வந்தவர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரைப் போல எங்கள் வீடுகளிலும் புத்தர் படம் உண்டு. புத்தர் நடந்த ஊர்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம், விகாரைகளில் தங்கிக்கொள்ளலாம், பங்குனி வரைக்கும் ஊர்ப்பக்கம் வர வேண்டாம் என்று லேத்காரன்தான் கிளப்பினான். பொங்கலுக்கு நான் தனியாக அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் அவன் யோசனை. அதை அவன் வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கயா, காசி, கோரக்பூர் என்று போய், எல்லையை நடந்தே தாண்டி நேபாளத்துக்குள் லும்பினிக்கு வந்தபோது மார்கழி முடியப் போகிற சமயம். அப்படி ஒரு பனிமூட்டத்தை நான் பார்த்ததில்லை. பெங்களூர்க் குளிர் எல்லாம் ஒரு குளிரா என்று இருந்தது. எதிரில் வருகிற சைக்கிளின் மணி கேட்கும், சைக்கிள் தெரியாது. மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போனால், முன்னால் போகிறவன் திடீரென்று இல்லாமல் போய்விடுவான். "டேய், கீறியா?" என்று கூப்பிட்டால் மூன்றடி தூரத்திலிருந்து பதில் வரும். பொங்கல் அன்றைக்கே அங்கேயும் அவர்களுக்குப் பண்டிகை. எள்ளுருண்டையும் கிழங்கும் வாங்கிக்கொண்டு ஆட்கள் பனிக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. ஆனால் போகியன்று படையல் உண்டு. இறந்தவருக்கு அது முதல் படையல், விடக் கூடாது. "விகாரையில சமைக்க இடம் தராங்க. இங்கயே ரூம்ல போட்டுடறேன்" என்றேன்.

லேத்காரன் சிரித்தான். என் மனைவியை அவன் தங்கச்சி என்றுதான் சொல்வான். "இன்னா குரு, எந்தங்கச்சி சிவாஜிநகர்லயே தொலைஞ்சிச்சு. இங்க எப்பிடி வரும்? பார்டர்ல யார வழி கேக்கும்?"

"வாய மூட்றா" என்றான் ஸ்டோர்ஸ்காரன்.

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

கல்யாணமான புதிதில் சிவாஜிநகருக்குத் துணி எடுக்கப் போனோம். கூட்டத்தில் அவள் கை விட்டுப்போனது. நான் கறிக்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, பஸ் ஸ்டாண்ட் என்று அலைந்து, போலீஸ் வரைக்கும் போய்விட்டு, கடைசியில் முதலில் இருந்த இடத்துக்கே வந்தால், கை விட்ட அதே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. "நான் நவுந்தா நீ எங்கன்னு தேடுவ?" என்றாள். கடைக்காரர் சொன்னார், அத்தனை நேரமும் அந்தப் பெண் அசையவே இல்லை, பொம்மை என்று நினைத்து ஒரு அம்மா புடவையைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று.

படையலுக்கு அவள் நீலசந்திரா வீட்டுக்குத்தான் வருவாள். கதவு பூட்டியிருக்கும். திரும்பிப் போக மாட்டாள். நான் வருகிற வரைக்கும் அந்தக் கதவுக்கு வெளியே அப்படியே நிற்பாள். இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதிர் வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன். வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருந்தது. என் மனைவியை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர்கள்.

"இதுக்கு ஏண்ணா இவ்ளோ தயங்கிறீங்க? நான் போடறேன். அக்காவுக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? கருவாட்டுக் கொழம்பு, முட்ட, கத்திரிக்கா. ஒரு பொடவ வாங்கிடறேன். வீடியோல காட்டறேன், நீங்க அங்கேர்ந்து கும்புட்டுக்கோங்க. பேஜார் ஆவாதீங்க."

போகி சாயங்காலம் மூன்று பேரும் கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னால் ஓடும். எங்கள் ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது, போனுக்குள் என் வீட்டு வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டம்மா தன் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார்கள். ஹால் முழுக்கத் தெரிந்தது. சுவரில் மாலை போட்ட அவள் போட்டோ. கீழே தரையில் இலை, மயில்பச்சைப் புடவை, விளக்கு. குழம்பிலிருந்து ஆவி வந்தது. எதிர் வீட்டம்மாவின் மாமியார் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எலைய திருப்பிப் போட்டுக்கிற பாரு. நுனி அந்தப் பக்கம் வரணும்டி."

"சரியாத்தான் கீது அத்தே."

"தண்ணி வச்சியா? கருவாடு துன்னுட்டு விக்கினா இன்னா பண்ணும்?"

கற்பூரம் காட்டினார்கள். நான் கும்பிட்டேன். நண்பர்களும் கும்பிட்டார்கள். "வாங்க அத்தே, வெளிய வாங்க" என்று மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்புறம்தான் மூன்று பேருக்கும் உறைத்தது. போன் உள்ளேயே இருக்கிறது.

யாரும் பார்க்கக் கூடாத நேரத்தில், யாரும் இருக்கக் கூடாத அறையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சுடர் நிமிர்ந்து எரிந்தது. ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது.

"கட் பண்ணுடா" என்று ஸ்டோர்ஸ்காரன் மெதுவாகச் சொன்னான். "பாக்கக் கூடாது."

சிவப்புப் பொத்தானைத் தொட்டால் போதும். விரல் போகவில்லை. அவள் உள்ளே வந்தாளா, இல்லை வெளியே நிற்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி கிடையாது.

லேத்காரன் என் முகத்தைப் பார்த்தான். ஸ்டோர்ஸ்காரனின் தோளைத் தட்டி, "வா, நாம வெளிய போவலாம்" என்றான். இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள். எங்கள் அறைக் கதவையும் சாத்திக்கொண்டு போனார்கள்.

நான் போனைப் பார்த்தேன். விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றுவிட்டது. ஆவியும் அந்தரத்தில் நின்றது. நெட்வொர்க் போய்ப் படம் உறைந்துவிட்டது என்று அடுத்த நிமிஷம் புரிந்தது. ஆனால் சத்தம் உறையவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது கேட்டது. எங்கோ குக்கர் விசில் அடித்தது. படம் மறுபடியும் ஓட ஆரம்பித்தால் என்ன தெரியுமோ என்று பயந்து, போனைப் போர்வைமேல் குப்புறக் கவிழ்த்தேன்.

அப்போது கிறீச் என்று அந்தச் சத்தம் கேட்டது.

அவளுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கம்பெனியில் கழித்துப்போட்ட இரும்பை வைத்து நானே அவளுக்கு ஒரு ஸ்டூல் பற்றவைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு காலின் ரப்பர் கழன்றுபோயிருந்தது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், மாற்றவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அதை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வருவாள். தூக்க மாட்டாள், இழுப்பாள். பாதி வழியில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடியும் இழுப்பாள்.

கிறீச் என்று கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

மாடி வீட்டில் கட்டிலை நகர்த்தியிருக்கலாம். இன்றைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. கவிழ்ந்து கிடந்த போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நான்தான்" என்றேன். மறுபடி சொன்னேன். "நான்தான். வெளியூர் வந்துக்கிறேன். அவனுங்க ரெண்டு பேரும் கூட கீறானுங்க. பங்குனில வந்துடுவேன். நீ சாப்புடு."

சத்தம் சுத்தமாக நின்றது. ஆட்டோ இல்லை, குக்கர் இல்லை. லைன் அறுந்த மாதிரியும் இல்லை. நாம் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

கதவைத் தட்டினார்கள். யாரோ இருமினார்கள். எந்தக் கதவு என்று எனக்குத் தெரியவில்லை. போனுக்குள் தட்டுகிறார்களா, என் முதுகுக்குப் பின்னால் தட்டுகிறார்களா? இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன. நான் எழுந்து போக வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. தட்டுகிறவர்களுக்கு வழிவிட்டு எழுந்து போக வேண்டியவன் நான்தானோ என்று.

நண்பர்கள் தலை எல்லாம் பனி ஈரத்தோடு உள்ளே வந்தார்கள். போனை நிமிர்த்தினேன். படம் ஓடியது. எதிர் வீட்டம்மா அரிசி டின் பக்கம் வந்து, போனைப் பார்த்து அலறினார்கள்.

"ஐயோ, அண்ணா! லைன்லயா இருந்தீங்க? பாத்துட்டீங்களா?"

"இல்லம்மா. கவுத்து வச்சிட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

போனைக் கையில் எடுத்தபோது அறை ஒரு சுற்று சுற்றியது. இலைக்குப் பக்கத்தில் இரும்புக் கால்கள் தெரிந்த மாதிரி இருந்தது.

"அத்தே, இந்த ஸ்டூலு இங்க எப்பிடி வந்துச்சு?"

"நீதான் போட்டிருப்ப, கூறு கெட்டவளே. போட்டோக்கு மால மாட்ட ஏறினல்ல."

"நான் எட்டி மாட்டினேன் அத்தே. ஏறல."

"ஏய், சும்மா இரு. அண்ணன் வெளியூர்ல கீறாரு. பயமுறுத்தாத." பிறகு கிழவி போனை வாங்கி முகத்துக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டார். ஒரு கண் மட்டும் தெரிந்தது. "தம்பி, நல்லா துன்னுட்டா. நீ நிம்மதியா சுத்திட்டு வா."

லேத்காரன் டீ வாங்கிவருகிறேன் என்று மறுபடியும் வெளியே போனான். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தான், டீ இல்லாமல்.

மறுநாள் பொங்கல். விகாரையில் பாயசம் போட்டார்கள். நான் வயிறாரச் சாப்பிட்டேன். அவள் வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்துவிட்டாள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. அங்கிருந்து பொக்காரா, காத்மாண்டு என்று மூன்று பேரும் போட்ட திட்டப்படியே சுற்றினோம். மலையைப் பார்த்தேன். இந்த ஸ்டூல் விஷயத்தை எங்களில் யாரும் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். உள்ளே வந்தவள், எதிர் வீட்டம்மா கதவைத் தட்டியதும் எழுந்து போனாளா? நான்தான் பங்குனியில் வருகிறேன், இரு என்பது போலச் சொல்லிவிட்டேனே. நகர்ந்தால் எங்கே தேடுவாய் என்று கேட்டவள் அவள்.

பங்குனியில் நீலசந்திராவுக்கு வந்தேன். எதிர் வீட்டம்மா சாவியைக் கொடுத்தார்கள். ஏதோ சொல்ல வந்து, "டீ போடட்டுமாண்ணா?" என்று மட்டும் கேட்டார்கள். பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளப் போன கை தானாக மடங்கித் தட்டியது. இருமினேன். கொஞ்சம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

ஸ்டூல் ஹாலில் இருந்தது. அதை நான் சமையலறைக்குத் திரும்ப எடுத்துப்போகவில்லை. ரப்பர் மட்டும் வாங்கிவந்து மாட்டினேன். மாட்டிய பிறகு, ஏன் மாட்டினோம் என்று இருந்தது. இனிமேல் அது சத்தம் போடாது.

இப்போது பக்கத்தில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்தால் என் வீட்டை நானே தட்டிவிட்டு, இருமிவிட்டுத்தான் திறக்கிறேன். கேட்டுக்குள் இருக்கிற மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பார்க்கிறார்கள். யாரும் சிரித்ததில்லை.

போன வாரம் லேத்காரன் போன் செய்தான். "அடுத்த பொங்கலுக்கு சிலோன் போவலாமா குரு? அனுராதபுரம் பாக்கலாம். ரெண்டு மாசம் ஆவும். இன்னா சொல்ற?"

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தேன்.

"கேளு" என்றான். "பொறுமையா கேட்டுட்டுச் சொல்லு."