நெவேனாவின் கிழட்டு ரத்தம்

காலை ஐந்தரைக்கு எழுந்து பீட்ரூட்டைத் துருவிப் பிழிவது நெவேனாவின் வேலை. ஒரு டம்ளர், கணவர் ராங்கெலுக்கு மட்டும்.

"நீயும் ஒரு வாய் குடியேன்."

"தொண்டையில புத்து உனக்கா, எனக்கா? பேசாம குடி."

முப்பது வருடம் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. இப்போது தினமும் அவருடன் பிளெவென் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். கதிர் சிகிச்சை இருபது நாள் முடிந்திருந்தது; இன்னும் பதினைந்து. ரத்தத்தில் வெள்ளணு இதற்கு மேல் குறைந்தால் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்திலேயே அவள் சரியாகத் தூங்கவில்லை.

அங்கே டாக்டர் மிலேவா, கதிர் பட்டவர்களின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்களுக்கு எவ்வளவு வயதாகிறது என்று ஆராய்கிற பெண். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத, அதே வயதுக்காரர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. நெவேனா கையை நீட்டினாள்.

"வயசான செல்லு என்ன பண்ணும், டாக்டரம்மா?"

"புதுசா பெருகாது அத்தை, லேசுல சாகவும் செய்யாது. மூலையில உக்காந்துகிட்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கும்."

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்தாளே தவிர, மனசுக்குள் அதை அவர் ரத்தத்துக்கும் தன் ரத்தத்துக்கும் ஒரு போட்டியாகவே எடுத்துக்கொண்டாள். தான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மிலேவா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "மாமாவோட வெள்ளணு தாங்குது, நிறுத்த வேண்டாம். கிழட்டு செல்லு கொஞ்சம்தான் கூடியிருக்கு. உங்க ரத்தத்துலதான் அது நிறைய. நீங்க தூங்குறீங்களா, அத்தை?"

கடைசிக் கேள்வி நெவேனாவின் காதில் விழவேயில்லை. கீழே கேன்டீனுக்கு ஓடி, ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வந்தாள். நல்ல சேதி என்றால் நாலு பேருக்கு இனிப்பு கொடுக்காமல் இருக்க முடியுமா? காத்திருப்பு அறையில் ஒவ்வொருவரிடமும் நீட்டினாள்.

"என்னம்மா, பேரன் பொறந்திருக்கானா?"

"என் ரத்தம் கிழடாயிடுச்சாம்! இவரைவிட! எடுத்துக்குங்க."

"அதுக்கு யாராவது இனிப்பு குடுப்பாங்களா!" என்று ஒரு கிழவர் இரண்டாக எடுத்துக்கொண்டார்.

ராங்கெல் தன் சாக்லேட்டைப் பிரிக்கவில்லை. கதிரில் கம்மிப்போன குரலில் சொன்னார்:

"நெவே, நாளையிலிருந்து நான் தனியா வந்துக்கிறேன். நீ வீட்டுல தூங்கு. என்ன, சரியா?"

அவள் அவருடைய சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பெட்டியில் இன்னும் ஆறு இருந்தன. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, நர்ஸுகளுக்கும் கொடுக்க அவர்கள் இருக்கும் பக்கமாக வெளியே நடந்தாள்.