மஞ்சள் நூல் குட்டி

மாடம்பாக்கத்தில் ஞானசௌந்தரி டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டால், "நாய்க்குட்டி டீச்சரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியதை ஊர் மறந்துவிட்டது. பதினொரு வருஷமாக வீட்டில் பொமரேனியன் வளர்ப்பதை மட்டும் மறக்கவில்லை. அதில் டீச்சருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கணக்குக்காக யாரும் அவர் வாசலில் காத்திருந்ததில்லையே.

அவர் வீட்டில் சட்டங்கள் உண்டு. செருப்பு கேட்டுக்கு வெளியே. சபைப் போதகரே வந்தாலும் கை கழுவாமல் குட்டியைத் தொடக்கூடாது. எட்டு வாரம் முடியாமல், முதல் ஊசி போடாமல் எந்தக் குட்டியும் வாசல் தாண்டாது. பிறந்த அன்றே ஒவ்வொன்றின் கழுத்திலும் தளர்வாக ஒரு கம்பளி நூல், ஆளுக்கொரு நிறம். தினமும் காலை ஆறு மணிக்கு, வயிற்றில் பால் இறங்குவதற்கு முன்னால், சமையலறைத் தராசில் எடை. "பால் குடிச்சப்புறம் நிறுத்தா அது குட்டி எடை இல்ல, பால் எடை" என்பார்.

இதையெல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவள் ஜஹீரா. கேம்ப் ரோட்டில் ஏசி மெக்கானிக் கடை வைத்திருக்கும் அயூபின் மனைவி. இரண்டு தெரு தள்ளி வீடு. டீச்சர் வீட்டுத் தாய்நாய் டாலி போட்ட பெண்குட்டி ஒன்றை வாங்கிப்போய் பர்ஃபி என்று பெயர் வைத்தாள். அந்தப் பர்ஃபி இந்த வருஷம் மூன்று குட்டி போட்டது. ஆறு நாள் கழித்து டாலியும் மூன்று போட்டது.

அன்றிலிருந்து டீச்சருக்கு நிம்மதி போயிற்று. ஜஹீரா தினமும் காலையில் குட்டியைத் தராசில் உட்காரவைத்துப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். அவள் குட்டி ஐந்தாம் நாளிலேயே நூற்று எழுபது கிராம் இருந்தது. டீச்சரின் மஞ்சள் நூல் குட்டி ஐந்தாம் நாளில் நூற்றிருபதில் நின்றது. போதாக்குறைக்கு, சபையில் பக்கத்தில் உட்காரும் அபிகாயிலே, "அந்த பாய் வீட்டுக் குட்டிங்க எப்படி கொழுகொழுன்னு இருக்கு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். "பாத்தேன். நல்லா இருக்கு" என்று வாய் சொன்னது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. என் வீட்டு நாயின் வயிற்றில் பிறந்த நாய், என்னிடம் கற்ற வித்தை, பேர் மட்டும் அவளுக்கா?

மறுநாள் காலை டீச்சர் செய்ததை அவர் மாணவர்கள் யாராவது செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். புட்டிப்பாலைக் கரைத்து மூன்று குட்டிகளுக்கும் புகட்டினார். பிறகு தராசில் வைத்தார். மஞ்சள் நூல் நூற்று முப்பது காட்டியது. படம் எடுத்து அவரும் ஸ்டேட்டஸ் போட்டார். அடுத்த நாள் பாலைக் கொஞ்சம் கூட்டினார், எண்ணும் கூடியது.

அவர் கணவர் வேதசிரோமணி காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு முதல்ல பாலா, ஞானம்? எப்பவும் தராசுதான முதல்ல?"

"உங்களுக்குத் தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க."

புட்டியில் வயிறு நிறைந்த குட்டிகள் டாலியிடம் போவதைக் குறைத்துக்கொண்டன. குடிக்க ஆளில்லாததால் டாலிக்குப் பால் வற்றத் தொடங்கியது. புட்டிப்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகவில்லை. மற்ற இரண்டும் தாக்குப்பிடித்தன. மஞ்சள் நூல் உள்ளுக்குள் இளைத்ததைத் தராசு சொல்லவில்லை. சொல்லவிடாமல் செய்தவர் டீச்சர்தான்.

பத்தாம் நாள் காலை அது தனியாக, மூலையில், ஈரத்துணி போலக் கிடந்தது. டீச்சர் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்து, சேலைத் தலைப்பால் மூடிச் சூடேற்றினார். ஈறில் குளுக்கோஸ் தடவினார். போனில் கால்நடை மருத்துவர், "தாய்ப்பால் இல்லாம கஷ்டம் மேடம். பக்கத்துல பால் கொடுக்கிற நாய் ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. அதுதான் கொடுமை.

சேலைக்குள் குட்டியோடு ஜஹீரா வீட்டு வாசலில் நின்றபோது டீச்சருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஜஹீரா காரணம் கேட்கவில்லை. "கை கழுவிட்டு வாங்க டீச்சர்" என்றாள், டீச்சரின் குரலிலேயே. தன் குட்டிகள் படுத்திருந்த துணியால் மஞ்சள் நூலை வாசனை ஏறும்வரை துடைத்து, பர்ஃபியின் மடியில் நடுவே செருகினாள். பர்ஃபி முகர்ந்தது, யோசித்தது, நக்கியது. குட்டி தேடிப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியதும் டீச்சருக்கு மூச்சு வந்தது.

"ஸ்டேட்டஸ்ல வெயிட் ஏறிக்கினுதான இருந்திச்சு? வெறும் வயித்துலதான எடை போட்டீங்க?"

டீச்சர் குனிந்து பர்ஃபியின் தலையைத் தடவினார். ஜஹீரா அவர் முகத்தைப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டில் புட்டி நின்றது. டாலிக்குப் பால் திரும்பியது. மஞ்சள் நூல் மட்டும் பர்ஃபியிடமே வளர்ந்தது. எட்டு வாரம் முடிந்ததும் கூடுவாஞ்சேரியிலிருந்து சுப்ரஜா என்ற பெண் குட்டி வாங்க ஜஹீரா வீட்டுக்கு வந்தாள். தினமும் வருவதைப் போல டீச்சரும் அங்கே இருந்தார். ஓடி வந்து தன் கொலுசைக் கவ்விய மஞ்சள் நூலைச் சுப்ரஜா தூக்கிக்கொண்டாள். "எனக்கு இதுதான் வேணும். எவ்ளோ அழகா வளத்திருக்கீங்க" என்றாள் ஜஹீராவிடம்.

டீச்சரின் வயிற்றில் பழைய நெருப்பு எழுந்தது.

"அது டீச்சர் வூட்டுக் குட்டி மா," என்றாள் ஜஹீரா. "எங்க பர்ஃபிகூட அவங்க வூட்ல பொறந்ததுதான். எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்ததே அவங்கதான்." குட்டி அங்கே ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெருப்பு அடங்கவில்லை, இடம் மாறியது. அவள் குட்டியை நான் காப்பாற்றியிருந்தால், அபிகாயிலில் தொடங்கி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன் என்று டீச்சருக்குத் தெரியும். எடையில் ஜெயித்தாள், சரி. மனசிலுமா?

"குட்டி என்னோடதுதான்," என்றார் டீச்சர் சுப்ரஜாவிடம், தேவைக்கு மேல் சத்தமாக. "ஸ்டேட்டஸ்ல இவளை முந்தணும்னு பாலைக் குடிக்க வச்சு எடை போட்டேன். அதுல இது சாகப் பார்த்துச்சு. காப்பாத்தி வளத்தது இவதான்."

பெருந்தன்மையால் அல்ல, இதிலும் அவள் முதலாக வந்துவிடக்கூடாது என்ற பொறாமையில்தான் சொன்னார். ஜஹீராவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, "உக்காருங்க டீச்சர், டீ போடறேன்" என்றாள்.