சுருட்டைக்குப் போட்ட மொட்டை

என் பேத்திக்கு அப்படியே என் சுருட்டை முடி. எனக்கு அதில் பெருமை. மருமகளுக்கோ சீப்பு இறங்கவில்லை என்று கோபம். மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது மொட்டையும் போட்டுவிட்டாள்.

"இந்த வாட்டி நேரா வளரும் அத்தே. எல்லாம் இந்த போர் தண்ணியாலதான் சுருண்டுக்கினு கீது."

"தண்ணியால செம்பட்டைதாம்மா வரும். சுருட்டை என்கிட்டேர்ந்து வந்தது. எனக்கும்தான் ரெண்டு மொட்டை போட்டாங்க, நேராயிடுச்சா?"

வாய் பேசிவிட்டது, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. குழந்தையிடம் என் சாயல் என்று இருந்தது அந்த முடி ஒன்றுதான். தலையில் பூசிய சந்தனம் காய்ந்ததிலிருந்து, போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில மாதம் கழித்துக் காதோரம் முடி வளைந்தது. மருமகள் பார்ப்பதற்குள் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டேன். பார்த்தால் மூன்றாவது மொட்டைக்கு மலையேறிவிடுவாள்.