லவோன் அக்கா பரணுக்கு இடம் பார்த்தது

மான் சுட மரத்தில் கட்டும் பரணுக்கு லவோன் டெஸ்கே இடம் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த வட்டாரத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. விஸ்கான்சினில் பால்மாட்டையும் மக்காச்சோளத்தையும் நம்பிப் பிழைக்கிற ஊர். துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக ஆண்டுக்கு ஒன்பதே நாள்தான். அந்த ஒன்பது நாளுக்காக ஆகஸ்ட் பிறந்ததிலிருந்தே பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அவள் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள்.

அவள் போய் வயலோரமாக நடப்பாள். மான் எங்கே படுக்கிறது, எந்த வழியாகச் சோளத்துக்குள் நுழைகிறது, நவம்பரில் வடமேற்குக் காற்று மனுஷ வாடையை எங்கே கொண்டுபோகும், சுட்ட குண்டு தவறினால் எதில் போய் விழும் என்று எல்லாம் பார்த்துவிட்டு ஒரு மரத்தைத் தட்டி, இங்கே வை என்பாள். அவளை எதிர்த்துப் பேசிய ஒருவன் மூன்று வருஷம் பரணில் உட்கார்ந்து அணிலை வேடிக்கை பார்த்தான். பிறகு அவனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு பெயர்தான்.

இரண்டு வருஷமாக அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் கலங்கிப்போகும். யார் முகத்தைப் பார்க்கிறாளோ அந்த முகம் இருக்காது. போன பார்வை திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கார் ஓட்டுவதை நிறுத்தியதற்குக் கழுத்து வலி என்றாள். வெள்ளிக்கிழமை ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்கு ஓட்டலுக்குப் போனால் மெனுவை விரித்துக் கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, எப்போதும் தின்பதையே கேட்பாள். ஆட்களைக் குரலை வைத்தே சமாளித்தாள். விஷயம் தெரிந்தால் தம்பி ஆரின் துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுவான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அந்தச் செப்டம்பரில் தனக்கென்று இடம் பார்க்கத் தம்பியோடு போனாள். சோளம் ஓர் ஆளுக்கு மேல் உயர்ந்து நின்றது. மரப்பட்டையில் மான் கொம்பைத் தேய்த்த இடத்தைக் கையால் தடவினாள். ஈர மண்ணில் குளம்புத் தடத்தை விரலால் அளந்தாள். வயலின் தென்கிழக்கு ஓரத்தில் ஓர் ஓக் மரத்தைத் தட்டினாள். ஆரின் ஏணிப் பரணைச் சாய்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினான். அந்தக் கோடையில்தான் வயலுக்கு அப்பால் ஒரு புது வீடு எழும்பியிருந்தது. மீன் வறுவலில் அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்ததுதான். சாலைப் பக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு எதிரே பச்சை மட்டும்தான் இருந்தது.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வயல்காரர் மெஷின் விட்டுச் சோளத்தை அறுத்துவிட்டார். சத்தத்தைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம். சிந்திய கதிருக்கு மான் கட்டாயம் வரும்.

வந்தது. சனிக்கிழமை பொழுது புலர்ந்து கொஞ்ச நேரத்தில் கண்ணோரத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. முகத்தைச் சற்றுத் திருப்பி, கொம்பு இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பனி என்று நினைத்தாள். குறி வைத்ததும் மான் அந்தக் கலங்கலுக்குள் மறைந்தது. இருந்த இடத்தை நினைவில் வைத்துச் சுட்டாள். மான் ஓடுகிற சத்தமும், அதோடு கண்ணாடி நொறுங்குகிற சத்தமும் கேட்டன.

அறுத்த சோளத்தட்டைக் கட்டைகளின்மேல் ஓர் இளைஞன் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தான். ஓடைப் பக்கத்துப் பரணில் இருந்த ஆரினும் ஓடி வந்தான். இளைஞன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எம் பொண்டாட்டி காபி ஊத்திக்கிட்டு நின்னா. ஸ்பூன் கீழ விழுந்துச்சுன்னு குனிஞ்சா. அதான் இப்ப உசுரோட இருக்கா" என்றான். வேட்டை அதிகாரிக்குப் போன் பண்ணிவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

லவோன் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். முகம் தெரியாத ஒரு பெண் ஸ்பூனை எடுக்கக் குனிவதே திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

"அங்க வீடு இருக்குன்னு ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"உனக்கா? ஊருக்கே இடம் பாத்துச் சொல்றவ நீ. உனக்குப் போய் நான் என்னத்தக்கா சொல்றது? ஏதோ யோசிச்சுத்தான் வெச்சிருப்பேன்னு இருந்துட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டான். "வெள்ள வெளேர்னு நிக்குதேக்கா. நெசமாவே தெரியலயா?"

"பனின்னு நெனச்சேன்."

ஆரின் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான். எத்தனை நாளாக என்று கேட்டான். இரண்டு வருஷம் என்றாள். துப்பாக்கியைக் காலி செய்து அவன் இருந்த பக்கமாக நீட்டினாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஒருத்தி குனிந்ததால் பிழைத்தாள். இனி ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

அவன் துப்பாக்கியை வாங்கினான். வாங்கிய பிறகும் அங்கேயே நின்றான்.

"ஆரின், நீ அழறியா? எனக்குத் தெரியலடா."

இல்லை என்றான் அவன். குரல் உடைந்திருந்தது.