கிரகணத்தன்று அறுத்த மீன்

என் இடக்கன்னத்தில் பிறவியிலேயே ஒரு நீல வீக்கம் இருந்தது. விரலால் அமுக்கினால் அடங்கும், குனிந்தால் பொங்கும். ஓதப்பள்ளியில் தொழும்போது மற்றப் பிள்ளைகள் சுஜூதில் நெற்றியை வைத்து எழும்பினால் நெற்றியில் மண் ஒட்டியிருக்கும். நான் எழும்பினால் கன்னத்தில் நாவற்பழம் பழுத்திருக்கும். அழுதாலும் அதே கதைதான். அதனால் ஓட்டமாவடியில் எங்கள் வீட்டில் என்னை அழவிடக் கூடாதென்பது சட்டம். கேட்டதெல்லாம் கிடைத்தது. எனக்கென்ன குறை, நான் ராணிதான்.

குற்றவாளி உம்மா. நான் வயிற்றில் இருந்தபோது, சந்திர கிரகணத்தன்று, சொல்லச் சொல்லக் கேட்காமல் ஆற்று மீன் அறுத்தாவாம். வாப்பாவின் ராத்தாவான என் மாமி அதைக் கல்யாண வீட்டிலும் சொல்லுவா, மையித்து வீட்டிலும் சொல்லுவா.

"என்ட தம்பிக்கிப் பசியெண்டு அறுத்தாளாம். இப்ப பாருங்களன், பொம்புளப் புள்ளட மொகத்த!"

அந்த மீனைத் தின்ற வாப்பாவில் யாரும் குற்றம் கண்டதில்லை. உம்மா வாயே திறக்கமாட்டா. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? போதாக்குறைக்கு அவவும் அதை நம்பினா, பாவம்.

வாப்பா கட்டாரில் வேலையில் இருந்ததால், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனபோது மாமிதான் துணைக்கு வந்தா. கத்தி வைக்கத் தேவையில்லை என்றார் லேடி டொக்டர். உள்ளே இரத்த நாளங்கள் விரிந்து கிடக்கின்றன, ஸ்கேனில் பார்த்துப் பார்த்து ஊசியால் மருந்து ஏற்றினால் அவை சுருங்கிவிடும் என்றார். என்னை மயக்கி ஊசி போட்டார்கள். அன்றே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் சொந்தக்காரர் வீட்டில் கண்விழித்தால் ஒரு கண் திறக்கவேயில்லை. கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதிக் கிடந்தது.

"யா அல்லாஹ்! இருந்த மொகத்தயும் கெடுத்துப் போட்டாங்களே! நான் அப்பவே செல்லல்லியா, கிரகணத்துட குத்தம் ஊசிக்கி அடங்குமாண்டு?" மாமி தலையில் கைவைத்தா.

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டா. இந்த வைத்தியமும் பிழையாய்ப் போனால் எனக்குக் கன்னம் போகும். அவவுக்கோ, மௌத்தாகும் வரைக்கும் அந்த மீன்.

டொக்டரோடு சண்டை பிடிக்கவென்றே மாமி எங்களை ஓட்டோவில் ஏற்றினா. டொக்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நேற்றே சொன்னேனே! முதல்ல வீங்கும், பிறகுதான் வற்றும்." சொல்லித்தான் இருந்தார், பயத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. பிறகு அவர் சொன்னபடியே வற்றியது. இன்னும் சில தடவை ஊசி போட வேண்டியிருந்தது. இன்று நானாகச் சொன்னாலொழிய ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அன்றைக்கு டொக்டரின் அறையில் மாமி விடுகிற மாதிரி இல்லை. கிரகணம் என்று தொடங்கினா. அப்போதுதான் உம்மா எழும்பினா.

"டொக்டர், கிரகணத்தண்டு மீன் அறுத்தது நான்தான். அதாலயா இது?"

"இல்லம்மா. கருவில நாளங்கள் உருவாகும்போதே இப்படி அமைஞ்சு போச்சு. நீங்க மீன் அறுத்திருந்தாலும் அறுக்காட்டியும் இது வந்திருக்கும். ஒருத்தர்ட குற்றமும் இல்ல."

"இன்னொருக்காச் செல்லுங்க."

டொக்டர் இன்னொருமுறை சொன்னார்.

"கொஞ்சம் சத்தமா, டொக்டர். மதினிக்கும் கேக்கட்டும்."

"எனக்குக் காது கேக்கும்," என்றா மாமி, மெதுவாக.

வெளியே வந்ததும் உம்மா மர வாங்கில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதா. மாமி உம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டா. பிறகு உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினா. என்னால் வாயைத் திறக்கக்கூட முடியவில்லை. அவவோ தன்னுடையதையும் தின்று, என்னுடையதையும் தின்று, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தா. என் கன்னம் இப்படி ஊதிக் கிடக்க இவவுக்கு என்ன சந்தோசம் வேண்டிக்கிடக்கு என்று எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.