நிறுத்தக் கூடாத ட்ரக்டர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தைப் பிளாட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் புறப்படும்போது, லிஃப்டில் ஏறுகிறவர்கள் எங்கள் சாமான்களைப் பார்த்து ஒதுங்கி நிற்பார்கள். கோழித்தீன் மூட்டை, டீசல் கான், மண்வெட்டிக்குப் புதுப் பிடி. கடல் தெரிகிற பிளாட்டில் இருக்கிற உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல் என்று நேரே கேட்டவர்களும் உண்டு. சிலாபத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது. இருவரும் ஓய்வு பெற்றபோது சேர்ந்து வாங்கியது. காணி உறுதிப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அங்கே காணிக்காரர் ஒருவர்தான்: என் கணவர்.

கோழிக்குத் தீன் போடுவது நான். மோட்டரைப் போட்டுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, விழுந்த ஓலையை இழுத்து ஒதுக்குவது, தேங்காய் பொறுக்கிக் குவிப்பது, அதுவும் நான். அவருக்கு ட்ரக்டர். குவித்த தேங்காயை ட்ரக்டரின் பின்னால் கொழுவிய பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவர் ராசா மாதிரிப் போவார். பக்கத்துக் காணிக்கார அம்மா, தமிழும் சிங்களமும் கலந்து கதைக்கிறவர், வேலியால் எட்டி 'மஹத்தயா', ஐயா என்று அவரைத்தான் கூப்பிடுவார். எப்போது தேங்காய் பறிப்பு, எந்தப் பக்கம் கடலை போடுகிறோம், எல்லாம் அவரிடம். நான் மண்வெட்டியோடு அருகிலேயே நிற்பேன். என்னிடம் வருகிற கேள்வி கோழி முட்டையிடுகிறதா என்பதோடு முடிந்துவிடும்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த ட்ரக்டரை ஒருதரமாவது நானே ஓட்டி, இந்தக் காணியில் எனக்கும் ஒரு சொல் உண்டு என்று காட்ட வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் அந்த நாட்களில் எனக்கு இருக்கவில்லை. கேட்டால் "உமக்கு அது சரிவராது" என்பார். ஏன் என்றால் திரும்பவும் அதையே சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். துறைமுகத்து லொறிகளுக்கு நடுவில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். பெரிய சில்லு வண்டியைக் கண்டு நடுங்குகிற ஆள் இல்லை. அவர் உழும்போது மட்கார்டில் குந்தியிருந்து, எந்த லீவரை எப்போது இழுக்கிறார் என்று பார்த்துப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

ட்ரக்டர் பழையது. சாவி திருப்பினால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று அதற்கே தெரியாது. அதனால் கொட்டில் பக்கத்து மேட்டில் நிறுத்தி, காலையில் சரிவில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வோம். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேலை முடியும் வரை நிறுத்தக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான்.

அந்தச் சனிக்கிழமை வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. மழைக்கு முந்தித் தென்னை வரிசைகளுக்கு இடையே ஒருதரம் உழுதுவிட்டால்தான் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் மேலாலே ஓடிப் பக்கத்துக் காணிக்குப் போய்விடும். அவருக்கோ முதல் நாளிலிருந்து இடுப்புப் பிடிப்பு. என்னிடம் தாருங்கள் என்றேன். முனகி முனகித் தானே ஏறி உட்கார்ந்தார். பாதிக் காணி உழுதும் விட்டார்.

வேலியோரத்து வண்டிப்பாதையில் கலப்பையைத் தூக்கித் திருப்பும்போது பக்கத்துக் காணி அம்மா ஏதோ கேட்க வந்தார். இவர் நின்றார். நின்றவர், கை தன்பாட்டில் போய், நிறுத்தும் குமிழை இழுத்துவிட்டார். பெற்றோல், டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்தில் கொழும்புக்காரர் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வாகனம் நின்றால் எஞ்சினை நிறுத்து. ஒரு சொட்டு மிச்சம். காணி முழுவதும் சத்தம் அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

செல்ஃப் முக்கக்கூட இல்லை. அந்த அம்மா ஓடிப்போய்ப் பக்கத்துத் தென்னந்தும்பு மில்லிலிருந்து நான்கைந்து பேரைக் கூட்டி வந்தார். தள்ளத்தான் வேண்டும். தள்ளுவதற்குப் பலம் வேண்டும். மேலே இருப்பதற்கு அது வேண்டாம். இடுப்புப் பிடிப்போடு இறங்கியவரால் திரும்ப ஏற முடியவில்லை. மில் ஆட்கள் ஏற்கெனவே ட்ரக்டரின் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். ஆக, மிஞ்சியது நான்.

"சரி, நீர் ஏறும்" என்றார், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. கிளட்சை மிதித்துக்கொள்ளும், ஓடத் தொடங்கியதும் காலை எடும் என்று அவர் சொல்லி முடிக்க முன்னமே நான் கியரைப் போட்டுவிட்டேன்.

தள்ளினார்கள். காலை எடுத்தேன். ட்ரக்டர் ஒருதரம் உலுக்கி, கரும்புகை விட்டு, பிடித்துக்கொண்டது. இனி நிறுத்த முடியாது. ஓடுகிற ட்ரக்டரில் அவரால் ஏறவும் முடியாது. அடுத்த வரிசைக்குத் திருப்பினேன், லீவரைத் தட்டிக் கலப்பையை இறக்கினேன், போய்க்கொண்டே இருந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பின்னால் வந்து ஏதோ கத்தினார். இத்தனை வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் சொன்ன ஒன்றுகூட என் காதில் விழாத நேரம் அது ஒன்றுதான்.

முதல் வரிசை பாம்பு போன வழி மாதிரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பரவாயில்லை. அதற்குப் பிறகு மரத்தடி வேரில் படாமல், நேராக, என் கைக்கு ட்ரக்டர் அடங்கி வந்தது. கடைசி இரண்டு வரிசை இருக்கும்போது மழை தொடங்கியது. மில் ஆட்கள் கூரைக்கு ஓடினார்கள். நான் நனைந்துகொண்டே உழுதேன். சத்தமாகப் பாடினேன் என்றும் நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷம். எல்லாம் முடித்து, மேட்டில் ஏற்றி, குமிழை நானே இழுத்து நிறுத்தினேன்.

மழை சற்று விட்டதும் அவர் குடையோடு இறங்கி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். குறை பிடிக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். திரும்பி வந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அப்போது பக்கத்துக் காணி அம்மா வேலியில் நின்று, மண் காய்ந்ததும் தன் காணியையும் ஒருதரம் உழுது தர முடியுமா என்று அவரிடம் கேட்டார்.

அவர் குடையை மடக்கினார்.

"என்னைக் கேட்டு என்ன? ட்ரைவர் அவதான். அவவைக் கேளுங்கோ."

பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, எந்த நாள் வசதி என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றேன், என் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.